கருவாட்டுக் கடையில் ஒரு பி.காம்.

ராஜமாணிக்கத்தின் கருவாட்டுக் கடையிலிருந்து ஊதுவத்தி மணம் வந்ததும், பொன்னேரி மார்க்கெட்டில் இரண்டு பேர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் போய்விட்டார்கள் என்று மெதுவாக எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே ஆதிநாராயணன், பி.காம்., நெத்திலிக் கூடை ஓரத்தில் இன்னொரு வத்தியைச் செருகிக்கொண்டிருந்தான்.

"நாத்தம் அடிச்சா நல்ல கஸ்டமரு எப்டி மொதலாளி வருவான்?"

ராஜமாணிக்கம் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளுக்குள் அவருக்குப் பரம சந்தோஷம்.

மகன் லோகநாதன் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் அவனை பி.காமில் சேர்த்தே தீருவது என்று மனைவி கங்கம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். கருவாடு விற்க எதற்குக் காலேஜ் என்பது ராஜமாணிக்கத்தின் கட்சி. சண்டை முற்றி, வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம் என்ற நிலை வந்தபோது அவர் ஒரு வழி சொன்னார். வேலை கிடைக்காமல் அலைகிற ஒரு பி.காமைக் கடையில் வைத்துப் பார்ப்பது. வியாபாரம் ஏறினால் பையன் காலேஜுக்கு, இறங்கினால் கடைக்கு. கங்கம்மாள் சம்மதித்தாள். மணவாள நகரிலிருந்து ஆதிநாராயணன் வந்து சேர்ந்தான்.

ஊதுவத்தியின் பலன் அன்றைக்கே தெரிந்தது. கருவாட்டை மோந்து பார்த்து வாங்குகிற பெண்கள் நெத்திலியை மோந்தார்கள். அது சந்தனமாக மணந்தது. என்னமோ கெட்டுப்போனதை மறைக்கிறான் என்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

ராஜமாணிக்கம் வீட்டுக்கு வந்து இதை ரசித்து ரசித்துச் சொன்னார். புதுசாக வந்த பிள்ளை, பழக வேண்டாமா என்றாள் கங்கம்மாள்.

போன வாடிக்கையைத் திரும்பப் பிடிக்க ஆதிநாராயணன் 'ஒரே விலை' என்று பலகை மாட்டினான். பேரத்தில் நேரம் வீணாகிறதாம். நெடுநாள் வாடிக்கைக்காரி சின்னப்பொண்ணு வாளைக் கருவாட்டைத் தூக்கிப் பார்த்து, கடைசியாக என்ன விலை என்று கேட்டாள். அவன் பலகையைக் காட்டினான். படிக்கத் தெரியாது என்றாள். படித்துக் காட்டினான். சரி, குறைத்துச் சொல்லு என்றாள். மறுபடியும், இன்னும் தெளிவாகப் படித்துக் காட்டினான்.

"இன்னாய்யா, கருவாடு வாங்க வந்தா பாடம் நடத்தறான்?" என்று ராஜமாணிக்கத்திடம் கேட்டுவிட்டு அவளும் எதிர்க்கடைக்குப் போனாள்.

கல்லாவில் ஈ உட்கார்ந்தது. ராஜமாணிக்கத்துக்கு நெஞ்சில் ஒரு பக்கம் எரிந்தது, ஒரு பக்கம் குளிர்ந்தது. அவனை நிறுத்திவிடலாம்தான். ஆனால் பாதியில் நிறுத்தினால், நன்றாக வந்திருக்கும் என்று கங்கம்மாள் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அதற்குள் புரட்டாசி பிறந்தது. பாதி ஊர் கவிச்சியைத் தொடாது. பழவேற்காட்டில் கருவாட்டு விலை விழுந்தது.

"விலை எறங்கறப்ப வாங்கணும், ஏறறப்ப விக்கணும் மொதலாளி. மொதல் வருசப் பாடமே அதான்."

வண்டி வண்டியாக வந்து இறங்கியது. கடை நிறைந்து, மிச்சம் வீட்டுக்கு வந்தது. கட்டிலுக்கு அடியில் சுறா, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வாளை. லோகநாதன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தான். கங்கம்மாள் வாளையைத் தள்ளிவிட்டு அரிசி அளந்தாள். அதைப் பார்த்து ராஜமாணிக்கம் இரட்டிப்பு சந்தோஷத்தோடு தூங்கினார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. காயவைக்க வெயில் இல்லை. கருவாடு நமுத்தது, பிறகு புழுத்தது. கடைசியில் ஒரு தென்னந்தோப்புக்காரர், உரமாகப் போடுகிறேன் என்று பெரிய மனசு பண்ணி அள்ளிக்கொண்டு போனார்.

கங்கம்மாள் கட்டிலுக்கு அடியைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சரி, நீ ஜெயிச்சிட்ட. புள்ளைய கடைக்கே இட்டுக்கினு போ."

தீபாவளி லீவிலேயே மகனைக் கல்லாவில் உட்காரவைத்தார் ராஜமாணிக்கம். காலேஜ் பேச்சு அத்தோடு ஒழிந்தது. அவனும் தட்டாமல் உட்கார்ந்து, கூடைகளையெல்லாம் அகர வரிசையில் அடுக்க ஆரம்பித்தான். பொறுப்பான பிள்ளை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஆதிநாராயணனை மட்டும் வெறுமனே அனுப்ப மனசு வரவில்லை. அவனைப் பெற்றவரிடம் நேரில் ஒப்படைத்து, நாலு வார்த்தை ஆறுதலும் சொல்லிவிட்டு வருவதென்று அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

மணவாள நகரில் ஒரு பெரிய மளிகைக் கடையின் முன்னால் ஆதிநாராயணன் நின்றான். உள்ளே சாமான் கட்ட ஆள் போதாமல் கூட்டம். கல்லாவில் இருந்த அவன் அப்பா ரங்கசாமி, மகனைக் கண்டதும் எழுந்து வந்து, கடை வாசலிலேயே வழியை மறித்த மாதிரி நின்று, அவனை அம்மாவைப் பார்க்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். பிறகு ராஜமாணிக்கத்துக்கு சோடா உடைத்துக் கொடுத்து, நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க மேல தப்பில்ல. பி.காம் படிக்க வெச்சிங்க, அது புள்ளையக் கெடுத்துடுச்சி" என்று முடித்தார் ராஜமாணிக்கம். "நான் உசாராயிட்டேன். எம்மவனுக்குக் காலேஜே வாணாம்னு இன்னிக்குக் கடையில ஒக்கார வெச்சிட்டுதான் வந்துக்கிறேன்."

ரங்கசாமி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"படிப்பு இன்னாங்க பண்ணும்? அதுக்கு முன்னாடியே இவன் ஒரு மாசம் இந்தக் கல்லாவுல ஒக்காந்தான். கடையாவது பொழைக்கட்டும்னுதான் பி.காம்ல சேத்தேன்."