மூன்றாவது பாட்டில் இறந்துபோன சித்தப்பா

தேர்வில் என்ன வாசிப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சலுகை இல்லை. நாம் எப்படிப்பட்ட ஆள் என்பதை நம்மை வைத்தே காட்டிக்கொடுக்க வைக்கிற தந்திரம். நான் அதில் நன்றாக மாட்டினேன்.

(எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.)

உப்பூருக்கு மேற்கே, நெல்லும் மிளகாயும் போடுகிற ஊர் எங்களுடையது. ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது எனக்குப் பியானோ பைத்தியம் பிடித்தது. படிப்பு முடிந்தும் தெளியவில்லை. அங்கே பியானோ சொல்லிக்கொடுக்கிற ஜெனிட்டா டீச்சரிடம் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர் வேலை காலியானது. பியானோவில் ஒரு பெரிய தேர்வை முடித்துவிட்டு வந்தால் வேலை உனக்குத்தான் என்றார்கள். முடிக்காவிட்டால் ஆர்.எஸ். மங்கலத்தில் மாமாவின் சிமெண்டுக் கடையில் பில் எழுதப் போக வேண்டும். அய்யா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். நல்ல கடைதான். ஆனால் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பார்த்தேன், வீட்டுக்கு வந்து தும்மினால் சுவர் பூசலாம் போல இருந்தது.

தேர்வு வெளிநாட்டுக்காரர்கள் நடத்துவது. யாரும் நேரில் வரமாட்டார்கள். நான்கு பாட்டுகளை வரிசையாக, நடுவில் நிறுத்தாமல் வாசித்து, ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் மார்க் உண்டு. நான்கும் சேர்ந்து ஒரு கச்சேரி போல இருக்கிறதா என்பதற்குத் தனி மார்க்.

நான் தேர்ந்தெடுத்த நான்கும் வேகமானவை. நான்கும் சத்தமானவை. ஜெனிட்டா டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏம்மா, கேக்குறவன் என்ன பாவம் பண்ணான்?"

"நல்லாத்தான வாசிச்சேன் டீச்சர்?"

"நல்லாத்தான் அடிச்ச. நாலும் ஒரே ஆளு வந்து நாலு தடவ சண்ட போட்டுட்டுப் போற மாதிரி இருக்கு. ஒண்ணு நிதானமா வேணும். ஒண்ணு சோகமா வேணும்."

"எனக்குச் சோகம் வராது டீச்சர்."

"வரும். உன் மார்க்க பாத்தா வரும்."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். (அது தள்ளு கதவு. அறைந்து சாத்த முடியாது. முயற்சி செய்தேன்.) மறுநாள் போய், அவர் சொன்னபடியே மூன்றை எடுத்துவிட்டு மூன்றைச் சேர்த்தேன். முதலில் நிதானமான பழைய பாட்டு ஒன்று. அடுத்து என் இஷ்டத்துக்கு ஒரு வேகம். பிறகு ஒரு குதியாட்டம். அதுவும் வேகமானதுதான், ஆனால் சண்டை இல்லை, சிரிப்பு. கடைசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் யாரையோ பறிகொடுத்துவிட்டு எழுதிய சோகப் பாட்டு.

இந்த வரிசையை மாற்றியவர் அய்யா. அவருக்குப் பியானோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் பேசி முடிக்கிறவர் அவர்தான் என்பதால், மேடையில் எதற்குப் பின் எது வர வேண்டும் என்பதில் அவரை யாரும் மீற முடியாது.

"அழுகையக் கொண்டு போயிக் கடைசில வச்சா, சனம் சாக்க உதறிட்டு எந்திரிச்சுப் போயிரும். அழுகை முடிஞ்ச ஒடனே பபூன விட்றணும்."

"அய்யா, அங்கன ஒரே ஒரு ஆளுதான் கேப்பாரு."

"அந்த ஒரு ஆளு எந்திரிச்சுப் போயிட்டா?"

சோகம் மூன்றாவதாகப் போனது. கோமாளி வருகிற இடத்தில், கடைசியில், குதியாட்டம் வந்தது. டீச்சரும் இது நன்றாக இருக்கிறதே என்றார். அதில் எனக்கு இன்னும் கோபம்.

டீச்சரின் அறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெரு மாடியில் இருந்தது. ஹாரன் இல்லாமல் ஒரு வரி வாசிக்க முடியாது. அதனால் அவருடைய டிஜிட்டல் பியானோவைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தோம். ஒரு வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். மற்ற மூன்றும் கைக்கு வந்துவிட்டன. சோகம் மட்டும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அதையே வாசித்தேன். தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது நடையைக் குறைத்தார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசித் தேதி வந்தது. (முதல் நாளே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முதல் நாள் டீச்சரிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.) மத்தியானம் எடுப்பதாக முடிவு. சாயந்திரம் பியானோவை எடுத்துப்போகக் குட்டியானை வந்துவிடும்.

"இன்னைக்கு எவராச்சும் வாயத் தொறந்தீங்க, நான் சிமெண்டுக் கடைக்குப் போக மாட்டேன், நேரா கடலுக்குத்தான் போவேன்" என்று வீட்டில் சொல்லி வைத்தேன்.

அய்யா அதை மனதில் வாங்கிக்கொண்டார். அளவுக்கு மேலேயே வாங்கிக்கொண்டார். டிவியின் வயரைப் பிடுங்கினார். ஆடுகளைத் தோட்டத்துக்கு அனுப்பினார். தெருவில் வண்டி எதுவும் வரக் கூடாது என்று பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வந்து வாசலுக்கு முன்னால் குறுக்கே வரிசையாகப் போட்டார். அவரும் பங்காளிகள் சிலரும் வெள்ளை வேட்டியோடு அவற்றில் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. எதிரே வருகிறவர்கள் "என்னப்பா?" என்று கேட்டால், அய்யா உதட்டில் விரலை வைத்துத் தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டினார்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வேலுச்சாமி சித்தப்பா, அய்யாவின் தம்பி, மதுரையில் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து முந்தின நாள்தான் காரில் வந்திருந்தார். அவரை நான்கு பேர் தூக்கி உள்ளே கொண்டுபோனதைத் தெருவே பார்த்திருந்தது. அவர் உள்ளறையில் மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது நீங்களே எங்கள் தெருவில் நின்று பாருங்கள். தெருவை மறித்து நாற்காலிகள். பேசாத ஆம்பளைகள். ஒரு வாரமாக வீட்டுக்குள்ளிருந்து சோகம். நேற்றுத் தூக்கிக்கொண்டு போன ஆள் வெளியே வரவில்லை.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது அதைவிட நன்றாகப் போனது. மூன்றாவதில் பாதி தாண்டியிருப்பேன்.

"ஏ என் கொழுந்தனாரே, மொளகா மூடைய வண்டி ஏத்துமுன்ன நீ முந்திப் போயிட்டியே..."

கருப்பாயி பெரியம்மா. எங்கள் ஊரில் துக்க வீட்டுக்கு முதலில் வருகிறவர். தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். நேராக அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் வழக்கம் அப்படித்தான். முதலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும், விவரமெல்லாம் பிறகுதான். அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்பது என் உத்தரவு. அதனால் என்ன ஏது என்று அவளால் கேட்க முடியவில்லை. இவர்கள் வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அம்மாவும் சேர்ந்து அழ ஆரம்பித்தாள்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த வீடியோ போச்சு. உண்மையைச் சொன்னால், அந்தப் பாட்டு அதற்கு முன் ஒரு நாளும் எனக்கு அவ்வளவு நன்றாக வந்ததில்லை.

அது முடிந்தது. வரிசைப்படி அடுத்தது குதியாட்டம்.

நான்கைந்து நொடிதான் அழுகைக்கு நடுவே அது கேட்டது. பிறகு அழுகை நின்றுவிட்டது.

"என்னாடி இது? பொணங் கெடக்குற வீட்ல எவடி குத்தாட்டம் போடுறவ?" என்றார் கருப்பாயி பெரியம்மா.

என் விரல்கள் குதித்துக்கொண்டே இருந்தன. கோபத்தில் இன்னும் வேகமாகக் குதித்தன. கடைசித் தட்டுத் தட்டி முடிக்கவும், உள்ளறைக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து வந்தார்.

"யாரு போயிட்டா?" என்று கேட்டார்.

பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நான் யாருக்கு அழுதேன்?"

அதன் பிறகு வீட்டில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. கொதித்த உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தேன் என்றாள் ஒருத்தி. துக்க வீட்டுக்கு வந்தாகிவிட்டது, இப்போது தலை முழுக வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஆள் சாகவில்லை என்றாலும் அழுதது அழுததுதானே என்பது ஒரு கட்சி. செத்துப்போனதாகப் பேர் வாங்கிய சித்தப்பா, தனக்காக யார் யார் அழுதார்கள் என்று அங்கேயே விசாரித்துக்கொண்டிருந்தார். அய்யா மட்டும் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "பபூன விட்டதுஞ் சனம் நிமிந்துச்சு பாத்தியா?" என்றார்.

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று அச்சில் சொல்ல முடியாது. கத்தி முடித்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். இன்றைக்கு அனுப்பாவிட்டால் வேலை போய்விடும் என்பதை அம்மாதான் அவர்களுக்குச் சொன்னாள். கூட்டம் அடங்கியது. எங்கள் தெருவில் பள்ளிக்கூட வேலைக்குப் போன பெண் அதுவரை எவளும் இல்லை.

கருப்பாயி பெரியம்மா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டார்.

"ஏத்தா, அழுகாத. மறுக்கா வாசி. நாங்க இங்கனயே உக்காருறோம். எவ வாயத் தொறக்குறான்னு நான் பாக்குறேன்."

"நீங்கதான் பெரியம்மா தொறப்பீங்க."

"தொறக்க மாட்டேன்டி. சேலைய வாயில வச்சுக்கிறேன்."

மறுபடி போனை நிறுத்தி வைத்து வாசித்தேன். நாற்காலியிலிருந்த ஆம்பளைகளும் உள்ளே வந்துவிட்டார்கள். சித்தப்பாவைப் பாயில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது பாட்டு வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். யாரும் சாகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சாகாத ஆள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அத்தனை பெண்களும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் முன் இருந்த இடைவெளியில் பெரியம்மா மூக்கைச் சிந்தினார். பெரிய மூக்கு. வீடியோவில் தெளிவாகக் கேட்கும். அதற்குள் வெளியே குட்டியானை ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொரு தடவை எடுக்க வழியில்லை. உப்பூர் ரோட்டுக்குப் போய், சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று மூக்கோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.

பாஸ். மூன்றாவது பாட்டுக்குத்தான் மார்க் அதிகம் என்று ஜெனிட்டா டீச்சர் போனில் சொன்னார். சோகம் எப்படிம்மா வந்தது என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் டீச்சராக இருக்கிறேன் என்று அய்யா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா குறுக்கே புகுந்தார்.

"நான் ஒருக்காச் செத்துத்தான் இவளுக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தேன்."

மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சமாளிக்க நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படி வாசலில் நின்றிருந்த கருப்பாயி பெரியம்மா சித்தப்பாவுக்குப் பதில் சொன்னார். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அந்த வழக்கு இன்னும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

"சாகுறது என்ன பெரிய வேலையா? அழுதது நாங்கள்ல."