மாப்பிள்ளைக்குச் சேர்த்த சுடுதண்ணீர்

லோரி ஓட்டுபவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் மூடிக் கட்டத் தோன்றும். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பாதி வாழ்க்கை எனக்கு அப்படித்தான் போனது. சாமானை ஏற்று, கான்வாஸைப் போடு, கயிற்றை இழுத்துக் கட்டு, கிளம்பு. என் லோரியில் ஒரு மூட்டை நனைந்ததில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

கிள்ளான் பக்கம் மேருவில் எங்கள் வீடு. கூரையில் சோலார் ஹீட்டர் போட்டேன். ஒரு பெரிய கண்ணாடிப் பலகை, அதன் தலையில் தண்ணீர் டாங்கி. போட வந்த சீனர், வெயில் பட்டால் தண்ணீர் சுடும், மழை நாளுக்கு ஒரு கரண்ட் சுவிட்சும் வைத்துக்கொள் என்றார். சூரியன் இருக்கக் கரண்ட் எதற்கு என்று வேண்டாம் என்றுவிட்டேன். (அவர் பார்த்த பார்வை அப்போது புரியவில்லை.)

அந்த வருடம் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடு பங்சாரில். தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளை நம் வீட்டில்தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். அது முறை. ஆனால் சம்பந்தியம்மா இழுத்தார். மகனுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாதாம். பட்டால் தும்மல் வருமாம், தும்மினால் நிற்காதாம். குளியல் இங்கேயே இருக்கட்டும், மத்தியானம் சாப்பிட வருகிறோம் என்றார். தர்ஷினியின் முகம் சுருங்கிவிட்டது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன்.

"எங்க வீட்டுல சூரியனே தண்ணி காச்சுது. அனுப்பி வைங்க. நான் பொறுப்பு."

அனுப்பச் சம்மதித்தார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் வீட்டில் ஓர் உத்தரவு போட்டேன். சுடுதண்ணீர்க் குழாயை யாரும் தொடக் கூடாது. மாப்பிள்ளைக்குச் சேரட்டும். நானும் என் மனைவி பூங்கொடியும் பச்சைத் தண்ணீரில் நடுங்கினோம். வெளியே தினமும் நல்ல வெயில். எனக்கு ஒரே சந்தோஷம்.

உத்தரவு போட்ட அன்றே பக்கத்துச் சந்தில் பட்டாசு ஆரம்பித்துவிட்டது. ஒரு ராக்கெட் வந்து என் கூரை ஓட்டில் விழுந்தது. கண்ணாடி உடைந்தால் என் வார்த்தை என்ன ஆவது? ஏணியைப் போட்டேன். லோரியின் பழைய கான்வாஸைக் கண்ணாடி மேல் விரித்து, கயிற்றை இழுத்துக் கட்டினேன். வெயில் படாதே என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் மத்தியான வெயிலில் கான்வாஸுக்கு அடியில் நுழைந்து பாருங்கள், அடுப்பு மாதிரி இருக்கும். சோற்றுப் பானையையும் மூடினால்தானே சூடு நிற்கும்? (ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஏழாவதில் சொல்லித் தந்திருப்பார்கள் போல.)

தீபாவளி விடியற்காலை. பூங்கொடி மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வைத்தாள். அவர் குளியலறைக்குள் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"மொதல்ல பச்சத் தண்ணிதான் வரும் மாப்பிள்ளை. கொஞ்சம் விடுங்க."

"விடுறேன் மாமா."

தண்ணீர் ஓடியது. வெகுநேரம் ஓடியது.

"வந்துருச்சா?"

தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஓடியது. "வருது மாமா."

நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு. அவர் வெளியே வந்தபோது உதடு ஊதா நிறம். சாமி படத்துச் சிவப்பு விளக்கின் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து நான் போனேன். குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர். விட்டேன். அதே பச்சைத் தண்ணீர். புரிந்தது. குளித்துவிட்டு வந்தேன்.

"தண்ணி எப்படிங்க இருக்கு?" என்றாள் பூங்கொடி.

"இருக்கு," என்றேன்.

அப்போது பங்சாரிலிருந்து போன். சம்பந்தியம்மாதான். மாப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். "நல்ல சூடும்மா. தோலே உரிஞ்சிருச்சு." போனை வைத்ததும் சோபா தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மினார். நின்றபாடில்லை. அவர் அம்மா சொன்னது அத்தனையும் உண்மை.

விடிந்ததும் தர்ஷினி கேட்டைத் திறக்கப் போனவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, சோலாருக்கு எதுக்குப்பா சட்ட போட்டு விட்டீங்க?"

எல்லோரும் வெளியே வந்தோம். மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாக் கட்டியிருக்கீங்க மாமா. ஒரு சொட்டு வெயில் எறங்கல."

பூங்கொடி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சம்பந்தியம்மா வருவதற்குள் கழற்றிவிட நினைத்தேன். ஆனால் நான் கட்டிய கட்டு, என்னாலேயே அவிழ்க்க முடியவில்லை. அவர் கார் வந்து நின்றபோது புது வேட்டியில் நான் கூரை மேல், கையில் கான்வாஸ். கீழே அவர் மகன் தும்மிக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா மகனைப் பார்த்தார். மேலே என்னைப் பார்த்தார். இனி இந்த வீட்டுப் பக்கமே அனுப்ப மாட்டார் என்று நினைத்தேன். தர்ஷினியும் அதைத்தான் நினைத்திருப்பாள், என்னைப் பார்க்கவே இல்லை.

"எறங்கி வாங்க சம்பந்தி," என்றார். "அடுத்த தீபாவளிக்காவது தெறந்து வைங்க."

அடுத்த தீபாவளிக்கும் அனுப்பினார். இன்றுவரை அனுப்புகிறார். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கியதும் முதலில் கூரையைப் பார்ப்பார். எனக்கு வணக்கம் அப்புறம்தான். இப்போது பேத்தியும் கூட வருகிறாள். அவளுக்கு விஷயம் தெரியாது. தாத்தா வீட்டுக்குள் நுழையும் முறையே அதுதான் என்று நினைத்து, அவளும் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறாள்.