கராம்பும் கடைசி எண்ணெயும்

பிரஷர்காரனை நம்பாதீர்கள். டொக்டரிடம் பாதிப் பொய், வீட்டில் முழுப் பொய் சொல்லுவான். நானும் ஒரு பிரஷர்காரன்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் சோதனைச் சாவடி. தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் மூட்டை முழுவதையும் இறக்கச் சொல்வார்கள். இறக்குவேன், ஏற்றுவேன், பல்லைக் கடிப்பேன். அந்தப் பற்களில் கடைவாயில் ஒன்று அழுகிக் கிடந்தது. (சாவடியில் துவக்கு நீட்டும் ஆமிக்காரனையே முறைக்கும் இந்த வீரன், பல் டொக்டரின் குறட்டுக்குப் பயந்து அந்தத் தெருப்பக்கமே போகமாட்டான்.) கராம்பை வைத்து வலியை அடக்கினேன். எங்கள் மாத்தளைப் பக்கம் கராம்புக்கா பஞ்சம்?

எத்தனை குளிசை விழுங்கியும் பிரஷர் இறங்கவில்லை. டொக்டர் இரத்தம் சோதிக்கச் சொன்னார்.

"சி.ஆர்.பி.னு ஒண்ணு. உடம்புக்குள்ள எங்கயாவது அழற்சி இருந்தா இரத்தத்துல அது ஏறும். பிரஷரோட அதுவும் சேந்து ஏறினா இரத்தக் குழாய்க்கும் இருதயத்துக்கும் ஆபத்து. இப்ப காய்ச்சல், புண், பல்வலி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லங்க," என்றேன், கராம்பைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு.

முடிவைப் பார்த்த டொக்டரின் முகம் செத்துப்போனது. "இவ்வளவு ஏறக்கூடாதே. நாளைக்கே கண்டிக்குப் போயி இருதயத்தக் காட்டுங்க. அதுவரைக்கும் லொறியத் தொடாதீங்க."

லொறி இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த அதிர்ச்சியில் பல் ஞாபகமே வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

இரத்தோட்டை வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி மேரி தன் தம்பி அந்தோனியை அனுப்பி ஃபாதரை வரவழைத்துவிட்டாள். அவர் கொண்டுவந்தது நாவில் வைக்கும் நற்கருணை அப்பமும், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயும்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க மச்சான். இருதயம்," என்றான் அந்தோனி. அவன் ஏற்கெனவே செத்த வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

நெற்றியில் எண்ணெய் பட்டதும் கோபமெல்லாம் போய்விட்டது. ஆளைப் பார்த்தால் கடா மாடு, நான் அழுததோ கைக்குழந்தை மாதிரி. ஃபாதர் நற்கருணையை நீட்டினார்.

"வாயத் திறங்க."

கொஞ்சம் திறந்தேன்.

"நல்லாத் திறங்க."

திறந்தேன். ஃபாதரின் கை அந்தரத்தில் நின்றது. முகத்தைத் திருப்பி ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தார்.

"சீழ் வடியுதே. டொக்டருக்கு இதச் சொன்னீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். மேரி டோர்ச் எடுத்து வந்து பார்த்தாள். அந்தோனி பார்த்தான். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள். நெற்றியில் எண்ணெயோடு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இருதயமில்ல, பல்லு," என்றாள் மேரி. அந்தக் குரலைக் கேட்டபோது இருதயமாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் அந்தோனி என்னை அமுக்கிப் பிடிக்க, பல் டொக்டர் பிடுங்கினார். கண்டியில் இருதயத்தையும் காட்டினோம், பழுதில்லை. புண் ஆறியபின் சோதித்தபோது சி.ஆர்.பி. இறங்கியிருந்தது. பிரஷர் இறங்கவில்லை. டொக்டர் குளிசையை மாற்றி, லொறியையும் திருப்பித் தந்தார்.

"ஒங்க இரத்தம் உண்மையத்தான் சொல்லிச்சு. நீங்கதான் சொல்லல," என்றார்.

இன்றைக்கும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால் மேரி அடுப்படியிலிருந்து சொல்வாள்:

"நல்லாத் திறங்க, ஃபாதர் பாக்கட்டும்."

உடனே மூடிக்கொள்வேன்.