சிவப்பு வண்டி இழுத்த மரம்

"இன்னும் கொஞ்சம் மிதி, சிவஞானம்! மிதிய்யா!"

டிரைவர் சிவஞானம் மிதித்தான். சிவப்பு வண்டி உறுமியது, குலுங்கியது, கரும்புகையைக் கக்கியது. பின்னால் சங்கிலியில் கட்டியிருந்த படாக் மரம் மட்டும் படுத்த இடத்திலேயே படுத்திருந்தது.

கோவிந்தராஜ் இறங்கிப் போய் மரத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு, தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தமான் பம்பூபிளாட்டில் அவர் காண்டிராக்ட் எடுத்து மரம் வெட்டுகிற காட்டில், அவருடைய கூப்பில், வேலை செய்கிற அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் மனைவி நீலாவதி.

"என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வண்டி புதுசு. இடம் பழகணும்."

"பழகறதுக்கு அது என்ன, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?"

கூட்டம் சிரித்தது. கோவிந்தராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? நான்கு நாள் முன்னால்தான் இதே வண்டி, இதே மேட்டில், இதைவிடப் பெரிய மரத்தை இழுத்துக்கொண்டு ஏறியது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டு யானையைக் கொடுத்து வண்டியை வாங்கியிருந்தார்.

ஆமாம், யானையைத்தான். பெயர் ராணி. சங்கிலி இறுகுகிற சத்தம் கேட்டால் தின்கிற தழையைக்கூடப் போட்டுவிட்டு ஓடிவருகிற நல்ல ஜீவன். ஆனால் ஒற்றை யானை ஒரு மரத்தை மேடேற்ற அரை நாளாகும். பள்ளத்தில் வெட்டிப் போட்ட மரமெல்லாம் மழை பிடிப்பதற்குள் மேடேறி, கரைக்குப் போய், சாத்தம் தீவு மரமில்லுக்குப் படகேறியாக வேண்டும். மழை முந்திக்கொண்டால் காண்டிராக்ட் வேறு ஆளுக்குப் போய்விடும். சேலத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்த மனிதர், அதே தகரப் பெட்டியோடு திரும்பக் கப்பலேற வேண்டியதுதான்.

அந்தக் கவலையில் இருந்தபோதுதான் அபர்தீன் பஜார் வியாபாரி நஜிமுதீன் பாய் மதராஸிலிருந்து மூன்று டீசல் பிக்கப் வண்டிகளை இறக்கினார். பச்சை ஒன்று, சாம்பல் ஒன்று, சிவப்பு ஒன்று. பாய்க்கும் யானை தேவைப்பட்டது. கட்சால் தீவில் ரப்பர் போடுவதற்காகக் காடு அழிக்கிற ஒருவர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். யானைக்கு வண்டி என்று பேச்சு முடிந்தது.

"எந்த வண்டின்னு இழுக்க விட்டுப் பாத்துத்தான் சொல்லுவேன்," என்றார் கோவிந்தராஜ்.

"தாராளமா பாருங்க. ஆனா நான் சொல்றத கேட்டா பச்சைய எடுங்க," என்றார் பாய்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. கோவிந்தராஜ் ஒரு தனி ரகம். யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம்தான் உண்மை உட்கார்ந்திருக்கும் என்று நம்புகிறவர். இந்தக் கூடையில் கத்தரிக்காய் பிஞ்சு என்று கடைக்காரன் சொன்னால் அடுத்த கூடையில் கையை விடுவார். சொத்தையோடு வீட்டுக்கு வந்து, "நல்லதை ஒளிச்சுட்டான்" என்பார்.

சோதனை நாளன்று காலையில், கூப்புப் பள்ளத்தில், முதலில் பச்சை வண்டி இழுத்தது. மரம் ஒரு முழம் நகர்ந்து நின்றுவிட்டது. சாம்பல் வண்டி அந்த ஒரு முழமும் இழுக்கவில்லை.

"மரத்தை ரெண்டா அறுத்துக் கட்டுங்க, பச்சை ஜோரா இழுக்கும்," என்றார் பாய்.

"சிவப்பு?"

"அது வேணாங்க. தேங்கா மூட்டை ஏத்தத்தான் அது லாயக்கு."

"ஓஹோ!" என்றார் கோவிந்தராஜ். அந்த ஓஹோவில் ஒரு வருஷத்துக் கத்தரிக்காய்ச் சந்தேகம் முழுக்க இருந்தது. "சிவஞானம், சிவப்பைக் கட்டு!"

பாய்க்குக் காட்டுவதற்காக ஓடையில் குளிப்பாட்டிய ராணியைப் பாகன் ஜெயமணி அப்போதுதான் பள்ளத்துக்கு ஓட்டி வந்திருந்தான். ராணியை அப்புறம் பார்க்கலாம் என்று கோவிந்தராஜ் பாயை மேலே அனுப்பினார். கூப்பில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. இழுவை நடக்கும்போது சங்கிலி அறுந்தால் தலை போய்விடும், ஆகவே அத்தனை பேரும் மேட்டுக்கு மேலே, வளைவைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். அவர் மட்டும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியின் லட்சணம் உட்காருகிற இடத்தில்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

சிவப்பு உறுமியது. புகையில் பின்பக்கம் காடே மறைந்துபோயிற்று. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம், அடேயப்பா, மரத்தை இழுத்துக்கொண்டு வண்டி கிளம்பியது! கிளம்பியது மட்டுமா, நிற்காமல் மேடேறியது! கோவிந்தராஜ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சாபாஷ்! சாபாஷ்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

வண்டியின் மூக்கு வளைவில் தெரிந்ததும் நஜிமுதீன் பாய் கையிலிருந்த குடையைக் கீழே போட்டார்.

"யா அல்லா! இது எப்புடிங்க?"

"நடிக்காதீங்க பாய். இதை நீங்களே வச்சுக்கலாம்னுதானே தேங்கா மூட்டைக் கதை சொன்னீங்க?"

பாய் குனிந்து குடையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே ராணி பாயோடு போயிற்று. ஜெயமணியும் கூடப் போனான். நீலாவதி அன்று இரவு சமைக்கவில்லை.

இப்போது அந்தச் சூரப்புலி வண்டிதான் சின்ன மரத்துக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"பின்னால பாரம் பத்தல மொதலாளி," என்றான் சிவஞானம். "சக்கரம் சும்மா சுத்துது. நாலு கல்லைத் தூக்கிப் போட்டா மண்ணைக் கவ்விப் பிடிச்சுக்கும்."

போட்டார்கள். நாலு கல் போதாது என்று கோவிந்தராஜ் இன்னும் எட்டுக் கல் போடச் சொன்னார். பன்னிரண்டாவது கல் விழுந்ததும் வண்டிக்கு அடியில் படீரென்று ஒரு சத்தம் கேட்டது. பாரம் தாங்குகிற பின்பக்க வில்லுப் பட்டை ஒன்று உடைந்திருந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து, வெற்றிலை போட்ட கிழவர் துப்புவதற்குக் குனிந்த மாதிரி நின்றது.

ஒரு பகல் முழுக்க உடைந்த பட்டைக்கு மரக்கட்டை வைத்துக் கட்டினார்கள்.

"சக்கரத்துல காத்தைக் குறைச்சா நல்லாப் பிடிக்கும்," என்றான் சிவஞானம்.

குறைத்தார்கள். வண்டி ஒரு அடி எடுத்து வைத்தது. டயர் கழன்றுகொண்டு தனியாகப் பள்ளத்தை நோக்கி உருண்டது. அதைப் பிடிக்க ஓடிய இரண்டு பேர் சேற்றில் விழுந்து எழுந்தார்கள்.

"கண்ணு பட்டிருக்கு," என்றார் கோவிந்தராஜ். "பாயோட கண்ணு. அன்னிக்குக் குடையைப் போட்டுட்டுப் பாத்தாரே ஒரு பார்வை!"

டயரை மாட்டி, பெரிய பூசணிக்காயாக வாங்கி வந்து, குங்குமம் தடவி, வண்டியைச் சுற்றி, சக்கரத்துக்கு முன்னால் உடைத்தார். "இப்ப எடு!" என்றார். சிவஞானம் எடுத்தான். பூசணிச் சதையில் சக்கரம் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் போய், ஓரத்து வாய்க்காலில் இறங்கிப் படுத்தது.

தெற்கே வானம் லேசாகக் கறுத்திருந்தது.

"சாமான்யமான புத்தியா உங்களுக்கு?" என்றாள் நீலாவதி. கண்ணில் தண்ணீர் நின்றது. "யானையை வித்துட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுவாங்கன்னு கேட்டிருக்கேன். யானையைக் குடுத்துட்டுப் பூசணிக்கா உடைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். மழை வருது. போய் பாய் கால்ல விழுங்க. ராணியைக் கூட்டிட்டு வாங்க."

காண்டிராக்ட் போனால் என்ன ஆகும் என்று கோவிந்தராஜுக்கும் தெரியும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு படகேறினார்.

நஜிமுதீன் பாய் பெரிய மனசுக்காரர். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன். சரி, போவட்டும். வண்டி இழுக்கலேன்னா ராணிய நீங்களே வச்சுக்குங்க. ஆனா இழுக்கலேங்கறத என் கண்ணால பாக்கணும். நாளன்னிக்கு கட்சால் கப்பல். அதனால ராணியையும் நாளைக்குக் கையோட கூட்டியாந்துர்றேன்."

மறுநாள் காலை பாய் படகில் வந்தார். ராணி கடலை நீந்தியே வந்து, தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு கரையேறியது. நீலாவதி ஒரு தார் வாழைப்பழத்தோடு ஓடிப்போய் அதன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெயமணி எல்லோருக்கும் சலாம் வைத்துவிட்டு ராணியைப் பழைய இடமான பள்ளத்துக்கே ஓட்டிக்கொண்டு போனான்.

வாய்க்காலிலிருந்து தூக்கி நிறுத்திய சிவப்பில் சங்கிலி மாட்டினார்கள். வழக்கம்போல அத்தனை பேரும் வளைவைத் தாண்டி மேலே போனார்கள். பாய் முதல் வரிசையில் நின்றார், இந்தத் தடவை குடையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு.

கோவிந்தராஜ் வண்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வண்டி இழுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். "முருகா, நகர விட்டுடாதே. ஒரு அங்குலம்கூட வேணாம்பா."

சிவஞானம் மிதித்தான். புகை எழுந்தது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. கோவிந்தராஜ் முருகனுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தார்.

வண்டி கிளம்பியது.

"டேய், என்னடா பண்றே?"

"நான் பாதிகூட மிதிக்கல மொதலாளி!" என்றான் சிவஞானம். "அதுவா போவுது!"

உடைந்த பட்டையும் சாய்ந்த உடம்புமாக சிவப்பு மேட்டில் ஏறியது. மேடு முடிகிற வளைவைத் திரும்பியது, பின்னால் வந்த மரத்தையே புகை மூடியிருந்தது. சாலையைத் தொட்டது. கோவிந்தராஜ் பேயறைந்தவர் போல இறங்கி நின்றார்.

"இழுக்குதே!" என்றார் பாய்.

"இழுக்குது," என்றார் கோவிந்தராஜ், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"என்னைய பொய்யனாக்கப் பாத்தீங்களா? இத்தனை வருஷப் பழக்கத்துல..." பாயின் முகம் சுருங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற நீலாவதியைப் பார்த்தார். மனசு இளகிவிட்டது. "சரி, விடுங்க. வீட்டம்மா அழுவுது. வண்டிய நான் எடுத்துக்கிறேன். ராணிய நீங்களே வச்சுக்குங்க. கட்சால்காரருக்கு நான் சமாதானம் சொல்லிக்கிறேன்."

அந்த நேரத்தில் கோவிந்தராஜ் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஆனால் அவர் மூளைக்குள் கத்தரிக்காய்க் கூடை வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஓஹோ!" என்றார். "வண்டி ஒழுங்கா இழுக்குதுன்னு தெரிஞ்ச உடனே திருப்பிக் கேக்கறீங்களா? பட்டை உடைஞ்சே இந்த இழுப்பு இழுக்குதே, பட்டை மாத்தினா மலையையே இழுக்கும்! வாக்கு வாக்குதான் பாய். யானை உங்களுது, வண்டி என்னுது."

"என்னங்க, வேணாங்க!" என்று நீலாவதி அலறினாள்.

"நீ சும்மா இரு. கோளாறு வண்டியில இல்ல. இந்தச் சிவஞானத்தோட கால்லதான்."

சிவஞானம் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டான்.

அடுத்த நாள் ஃபீனிக்ஸ் பே கப்பல் துறையில் நல்ல கூட்டம். யானை கப்பலேறுகிறது என்றால் சும்மாவா? ராணியின் வயிற்றுக்கு அடியில் தடித்த கித்தான் பட்டை போட்டு, கிரேனில் மாட்டித் தூக்கினார்கள். நான்கு காலும் தரையை விட்டு எழும்பியதும் ராணி அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி கண்ணை மூடிக்கொண்டது. பெண்டுகள் குலவையிட்டார்கள். கடைசியாகப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதமாக வந்த நீலாவதி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

"அழாத நீலா," என்றார் கோவிந்தராஜ். "ராணி நல்ல இடத்துக்குத்தான் போவுது. நமக்கு செகப்பு இருக்கு. மழைக்குள்ள எல்லா மரத்தையும் ஏத்திடலாம். தகரப் பெட்டி பரண்லயே கிடக்கட்டும்."

ராணி தளத்தில் இறங்கியது. ஏணிப் படியை எடுத்துவிட்டார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பலுக்கும் துறைக்கும் நடுவில் தண்ணீர் ஒரு முழம் தெரிந்தது, பிறகு ஒரு கஜம்.

ஜெயமணி கம்பியருகே ஓடி வந்து கையசைத்தான்.

"மொதலாளி, போயிட்டு வர்றோம்! ராணி உங்களை மறக்க மாட்டா! ரெண்டு பேருமா முதல் மரத்தை ஏத்தின அன்னிக்கு நீங்க சாபாஷ் சாபாஷ்னு கத்தினதுல அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!"

"என்னது?" என்றார் கோவிந்தராஜ். கப்பலின் ஊதல் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டது. "யாரு ரெண்டு பேரு?"

ஊதல் நின்றது. ஜெயமணி இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன் மொதலாளி! ராணியை அனுப்பிட்டீங்களே, இனிமே அந்தச் செகப்பு வண்டி மரம் இழுக்கறப்ப, பின்னாலேருந்து மரத்தை யாரு முட்டித் தள்ளுவா?"