தில்லியில் ஒரு பச்சை ஹூடி

காலை எட்டு ஐம்பத்திரண்டு. இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம், அந்த மெட்ரோ நடைமேடையில் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் மகளை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியபோது, என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ரயிலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நடந்ததற்குக் காரணம் என் கை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். எதிரில் யார் எந்தத் துணி போட்டிருந்தாலும் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக அதன் ஓரத்தைப் பிடித்துத் தேய்த்துப் பார்க்கும். பிறகு உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கும். திருப்பூரில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தம்பியைப் பிடித்து, ‘எந்தக் கம்பெனி பீஸுங்க?’ என்று கேட்டால், அவரே கையைத் தூக்கி அக்குள் தையலைக் காட்டுவார். (என் கல்யாணத்தன்று நான் முதலில் பார்த்தது மாப்பிள்ளையின் முகத்தை அல்ல, அவருடைய பனியன் கழுத்துப்பட்டியை. தையல் விட்டிருந்தது.)

தில்லிக்குப் போனது என் மகள் தாரணிக்காக. டிகிரி முடித்துவிட்டு, மேலே டிசைன் படிப்புக்கு ஒரு காலேஜில் விண்ணப்பித்திருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலை ஒன்பதரைக்குள் அசல் சான்றிதழ்களுடன் உள்ளே இருக்க வேண்டும், தாமதமாக வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு வருடமாக அவள் இதற்காகப் படம் வரைந்து வரைந்து, எங்கள் வீட்டில் சுவர் காலண்டரின் பின்பக்கம் கூட மிச்சமில்லை.

வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம். எனவே நான் போனேன். செலவைச் சுருக்க ஸ்லீப்பர் வண்டி, இரண்டு நாளைக்குப் புளிச்சோறு, ரயில் நிலையத்துக்குப் பின்சந்தில் ஜன்னல் மூடாத ஒரு லாட்ஜ் அறை. ஜனவரிக் குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கவில்லை. சாம்பிள் டி-சர்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு போட்டு, அதன்மேல் சேலையைக் கட்டிக்கொண்டேன். பார்ப்பதற்குப் பேக்கிங் ஆகாமல் நிற்கும் அட்டைப்பெட்டி போல இருந்தேன்.

தலைநகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே திருடர்கள் அதிகம் என்பதுதான். சொன்னது எங்கள் லைன் மேஸ்திரி. அவர் சேலம் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் நான் முன்னேற்பாடு செய்தேன். சான்றிதழ் கோப்பு, இரண்டு பேருடைய மெட்ரோ டிக்கெட், இரண்டு பேருடைய போன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டேன். பணத்துக்கு உள்பாவாடையில் ஜிப் வைத்த பாக்கெட் தைத்திருந்தேன். என் போனைச் சார்ஜ் மிச்சம் பிடிக்க அணைத்தும் வைத்தேன்.

“எனக்கு இருபத்தோரு வயசாச்சும்மா. என்ற போனை எதுக்கு நீ வெச்சிருக்கற?” என்றாள் தாரணி.

“கூட்டத்துல உருவிருவாங்க சாமி. எங்கிட்ட இருந்தா பத்தரமா இருக்கும்.”

“நீ தொலைஞ்சு போயிட்டீன்னா?”

“நான் எங்க தொலையறது? நீ தொலைஞ்சா நின்ன எடத்துலயே நில்லு. நான் வந்தர்றேன்.”

அவிநாசித் தேர்க் கூட்டத்தில் அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது சொன்ன அதே வாக்கியம். அதைத் தில்லி வரைக்கும் கொண்டுபோனேன்.

பெண்கள் பெட்டியில் ஏறினோம். நெரிசலில் அவள் அந்தப்பக்கக் கதவருகே போய்விட்டாள், நான் இந்தப்பக்கம். எனக்கு முன்னால் ஓர் இளம்பெண் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். காதில் பாட்டு. உடம்பில் கரும்பச்சை நிறத்தில் ஹூடி.

அந்தப் பச்சையை எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் ஓடிய ஆர்டர் அது. ஒரு லாட்டில் மட்டும் இடது கைத்துணி ஒரு பொட்டு நிறம் வெளுத்திருக்கும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது, வெயிலில்தான் தெரியும். நான் டேபிளில் வைத்துப் பார்த்து, பாஸ் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் கண்டுபிடித்து மொத்தத்தையும் ஒதுக்கினார், அது கழிவு விலைக்கு வடக்கே போனது. மேனேஜர் என்னைத் திட்டவில்லை, அத்தனை பேர் நடுவில் அந்தப் பீஸை என் கையில் கொடுத்து வெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கே பச்சை ஹூடியைக் கண்டாலும் என் கண் இடது கைக்குப் போகும்.

ரயில் சுரங்கத்திலிருந்து மேலே ஏறியது. வெயில் அடித்தது. அவளுடைய ஹூடியின் இடது கை வெளுத்திருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. உறுதி செய்ய ஒரே வழி, துவைக்கும் குறிப்பு அச்சிட்ட சின்ன லேபிள். அதில் லாட் எண் இருக்கும். அந்த லேபிள் இடதுபக்கத் தையலில், உள்பக்கமாக, பாக்கெட்டுக்குச் சரியாக நான்கு விரல் தள்ளி இருக்கும்.

கை போய்விட்டது. நான் அனுப்பவில்லை.

ஓரத்தை மெதுவாகத் தூக்கி, இரண்டு விரலை உள்ளே விட்டு, தையலைத் தடவிக்கொண்டே போனேன். லேபிளின் முனை விரலில் தட்டியது. அந்த நொடியில் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பிடி. அவள் பாக்கெட்டில் போன் இருந்திருக்கிறது.

அவள் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பியது. அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்ததும் என்னை இழுத்துக்கொண்டு இறங்கினாள், உதவிக்கு இன்னொரு அம்மாளும் இறங்கினாள். தாரணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதி தூரம் வந்தாள். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் ‘அம்மா’ என்று அசைந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அவளிடம் போன் இல்லை, டிக்கெட் இல்லை, சான்றிதழ் இல்லை, ஒரு ரூபாய் இல்லை. எல்லாம் பத்திரமாக என்னிடம் இருந்தது.

பாதுகாப்பு அறைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் மேல் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். நான் அதிகாரியின் நாற்காலியில் இருந்திருந்தால் என்னை நானே நம்பியிருக்க மாட்டேன். பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார்கள்: இரண்டு போன், இன்ச் டேப், தையலை எண்ணிப் பார்க்கும் மடக்கு லென்ஸ். பெண் காவலர் திரைக்குப் பின்னால் என்னைச் சோதித்தார். நான்கு டி-சர்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அவருக்கே சந்தேகம் வலுத்துக்கொண்டு போனது முகத்தில் தெரிந்தது. கடைசியில் உள்பாவாடையில் ஜிப்.

எனக்கு ஹிந்தி தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் பீகார்ப் பையன்களோடு பத்து வருடமாகப் பேசுகிறேன். அந்த அறையில்தான் புரிந்தது, எனக்குத் தெரிந்த ஹிந்தி முழுக்க அதட்டல். நூலை வெட்டு, சீக்கிரம் செய், சரியாகப் பார், திரும்பச் செய். அதை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் கெஞ்சினேன். “ஜல்தி கரோ. டீக் சே தேக்கோ.” அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆங்கிலத்தில் ‘மை டாட்டர், டிரெயின், இண்டர்வியூ’ என்றேன். பி.காம். படித்தவள் நான். மூன்று வார்த்தைக்கு மேல் வாயில் வரவில்லை.

மணி ஒன்பது இருபது. ஒன்பதரை. அந்த ஒன்பதரையைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. சுவரில் முள் தாண்டியது, அவ்வளவுதான். காலேஜ் போனது என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு காலேஜைப் பற்றி நினைக்கவே இல்லை. பெண் கிடைத்தால் போதும் என்று, திருமுருகன்பூண்டி கோவில் வாசலில் இதுவரை ஏறெடுத்துப் பார்க்காமல் போன கல் நந்திக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

தாரணி அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறாள். திரும்பி வரத்தான் நினைத்திருக்கிறாள். ஆனால் நான் சொல்லி வளர்த்தது குறுக்கே நின்றிருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால் அம்மா வந்துவிடுவாள். ஒவ்வொரு ரயிலாக, பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில், முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். 

பிறகுதான் யாரிடமோ போன் கேட்டு வாங்கியிருக்கிறாள். என் எண்ணைக் கூப்பிட்டால் அணைந்திருந்தது. தன் எண்ணையே கூப்பிட்டாள்.

மேசைமேல் அவள் போன் அடித்தது. அதிகாரி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். “ஹலோ, தட் இஸ் மை போன்,” என்றது என் மகளின் குரல். நான் “கண்ணு” என்று கத்தினேன். பெண் காவலர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அதிகாரி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, முகமெல்லாம் நிறைவோடு ஹிந்தியில் பேசினார். எனக்கு ஒரு சொல் மட்டும் புரிந்தது. ‘சோர்.’ கம்பெனியில் ஒரு பெட்டி ஜிப் தொலைந்தபோது கற்றுக்கொண்ட சொல், திருடன் என்று அர்த்தம்.

அவர் சொன்னது இதுதான் என்று பிறகு தெரிந்தது: மேடம், உங்கள் போன் கிடைத்துவிட்டது, எடுத்த பெண்ணும் கிடைத்துவிட்டாள், வந்து அடையாளம் காட்டுங்கள்.

அந்தக் காலேஜ் வாசலுக்கு அன்று நாங்கள் போகத்தான் செய்தோம். பதினொரு மணி ஆகியிருந்தது. கதவு திறக்கவில்லை. தாரணி இப்போது பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து பையர்களுக்கு மெயில் அடிக்கிறாள். மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னால் சிரிக்கிறாள். நான் வெளியே போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். ‘தில்லியில என்னங்க்கா பாத்தீங்க?’ என்று செக்கிங் டேபிளில் கேட்டவர்களிடம் இந்தியா கேட் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் பார்த்தது பச்சைப் பெயிண்ட் அடித்த ஓர் அறையை.

வீட்டுக்காரர்தான் இன்னும் விடுவதில்லை. ரேஷன் கடையில் வரிசையில் நின்று சர்க்கரை தீர்ந்து நான் வெறும்பையோடு வந்தாலும் சரி, டாக்டரைப் பார்க்கப் போய் அவர் ஊரில் இல்லையென்று திரும்பினாலும் சரி, அன்று தாரணி சொன்னதைத்தான் எடுத்துச் சொல்வார்.

அன்று அந்தப் பாதுகாப்பு அறைக்குப் பத்து மணி பத்துக்கு அவள் வந்தாள். கதவருகே நின்று பார்த்தாள். மேசைமேல் அவள் போன், என் லென்ஸ், நான் திரும்பப் போடாத மூன்று டி-சர்ட். நாற்காலியில் தலை கலைந்து நான். எதிரே ஆபீஸ் போக முடியாத கோபத்தில் அந்தப் பச்சை ஹூடிப் பெண். அதிகாரி என்னைக் காட்டி ஏதோ கேட்டார். தாரணி அந்தப் பெண்ணின் இடது கையைப் பார்த்தாள். அந்த ஆர்டர் கதையை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள், அவளுக்கு ஒரு நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது.

“மை மதர், சார்,” என்றாள். “செக்கிங் பண்ற பழக்கம்” என்பதை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமாக எப்படியோ விளக்கினாள். அதிகாரி நம்பினாரா, களைத்துப்போனாரா, தெரியவில்லை. பேனாவை மூடினார்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த தடம். கை பனிக்கட்டி. என் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“லேபிளையாச்சும் பாத்தியாம்மா?”

நான் பார்க்கவில்லை.