ஆள்காட்டியின் நாலாவது முட்டை

பறவை பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நம் பக்கத்தில் அதிகமாகத் தென்படாது. ஆனால் ஒன்று வந்துவிட்டால் ஐந்தாறு பேரையாவது சேர்த்துக்கொண்டுதான் திரியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெள்ளாற்றங்கரையில், காக்கிக் கால்சட்டை, பூட்ஸ், சோலார் தொப்பி, கழுத்தில் பட்டாளத்துப் பைனாகுலர், கக்கத்தில் தடித்த இங்கிலீஷ் புத்தகம், காதில் சீவிய பென்சில் சகிதம் ஓர் உருவம் மணலில் பதுங்கிப் பதுங்கிப் போவதைக் கண்டால் போலீஸுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். அவர்தான்.

எங்கள் அறந்தாங்கியில் அவர் பெயர் ஆத்மநாதன். விஞ்ஞான வாத்தியார். கரை நெடுகப் பூத்துக் கிடக்கும் கொழிஞ்சியைக் குனிந்து பார்த்து, இதழை எண்ணி, புத்தகத்தைப் புரட்டி, லத்தீனில் ஒரு பெயர் சொல்லி, நாங்கள் ஆறு பேரும் அதை நோட்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பார். அங்கே ஆடு மேய்க்கும் மருதாயி, அது கொழிஞ்சி, வயலுக்குத் தழையாகப் போடுவது என்றாள். நாங்கள் அதை எழுதவில்லை. லத்தீனிலா சொன்னாள்?

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. ஆள்காட்டிக் குருவியின் கூட்டைப் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாகத் தேடுகிறார். அது வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும். யாராவது கிட்டே போனால் தலைக்கு மேல் வந்து கத்தும். இதை எங்களுக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான்.

போன பங்குனியில் அந்தக் குருவி ஜோடியாக வந்து எங்கள் தலைக்கு மேல் கத்தியது. கத்தியதோடு நிற்காமல் அவர் தொப்பியையும் உரசிவிட்டுப் போயிற்று. பாடம் நினைவுக்கு வந்ததா? பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது எப்படி வரும்? நம்மை வரவேற்கிறது என்றார். வரவேற்பு என்று எழுதிக்கொண்டோம்.

"அங்கிட்டுப் போகாதீங்க, வாத்தியாரய்யா" என்று மருதாயி தூரத்திலிருந்து குரல் கொடுத்தாள். அவர் உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கினார். பறவை பயந்துவிடுமாம். குருவி மிகவும் கிட்டே வந்துவிட்டதால் கண்ணாடிக்குள் அடங்கவில்லை. அதற்காக ஓரடி பின்னால் வைத்தார்.

மருதாயி ஓடி வந்து அவர் காலடியைக் காட்டினாள். கூழாங்கற்களுக்கு நடுவே மூன்று முட்டைகள். பதினோரு வருஷம் அல்லவா, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். புத்தகத்தில் நான்கு என்று போட்டிருந்தது. நாலாவதை இனிமேல்தான் இடப்போகிறது என்று அறிவித்தார்.

"நாலாவது ஒங்க பூட்ஸ்ல இருக்குங்க" என்றாள் மருதாயி. "மிதிபட்டுறக் கூடாதுன்னு பத்து நாளா ஆட்டையெல்லாம் சுத்தி ஓட்டிட்டுப் போறேன்."

அவர் பூட்ஸை மணலில் இரண்டு தரம் தேய்த்தார். பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும், அதுதான் விஞ்ஞானம் என்றார். ஆறு பேரும் மூன்று என்று எழுதினோம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்து அழகாக விழுந்திருக்கிறது.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? உங்களிடம் பைனாகுலர் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் வீட்டில் உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. கையைக் காட்டி அடக்கிவிட்டீர்கள். எழுந்து போகும்போது காலைப் பார்த்து வையுங்கள்.