பார்வைக்குப் பத்துச் சாறி

"அத விடுங்க தங்கச்சி. வேற பாருங்க."

கல்முனைப் புடவைக்கடைக்காரர் அப்துல் ஹமீட் அந்த அரக்கு நிறச் சாறியை அஸீஸாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடித்து, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டில் வைத்தார்.

"ஏன் காக்கா, வித்துட்டீங்களா?" ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அவர் காக்கா, அண்ணன் முறை.

"இல்ல."

"பொத்தல் கித்தல் இரிக்கா?"

"அப்பிடி ஒண்டுமில்ல."

"அப்ப எடுங்க. வரப்போற மருமகளுக்கு எனக்கு அதுதான் வேணும்."

"அது உங்களுக்குச் சரிவராது தங்கச்சி."

அந்த நேரம் கடையில் ஏழு பெண்கள் இருந்தார்கள். ஏழு பேரும் கையில் பிடித்திருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு அஸீஸாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அஸீஸாவுக்குக் காது மடல் சுட்டது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மகனுக்குக் கலியாணம். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கல்முனைக்குடிக்குப் போய், பெண் வீட்டில் கலியாணச் சாறியைக் கொடுக்க வேண்டும். புருஷனுக்குக் கட்டாரில் வேலை. நல்லதோ கெட்டதோ, அந்தச் சாறியை வைத்து ஊர் பேசப்போவது அஸீஸாவைத்தான்.

"சரிவராது எண்டா? விலை எங்களுக்கு எட்டாது எண்டு சொல்றீங்களா?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லல்ல. வழமை போலப் பத்துச் சாறி பொட்டணம் கட்டி ஊட்டுக்கு அனுப்புறன். ஆறுதலாப் பார்த்து, புடிச்சத எடுத்துட்டு மிச்சத்த அனுப்புங்க."

அஸீஸாவின் ஊரான சாய்ந்தமருதுப் பெண்கள் முப்பது வருடமாகச் சாறி எடுப்பது இப்படித்தான். பார்வைக்கென்று கடையிலிருந்து வீட்டுக்குப் பொட்டணம் வரும். ஒன்று நிற்கும், ஒன்பது திரும்பும். ஊரடங்கு நாட்களிலும் வந்தது. கடல் ஊரை அள்ளிக்கொண்டு போன வருடம், பெருநாளைக்குத் தகரக் கொட்டிலுக்கும் வந்தது.

"உங்கட பொட்டணத்த உங்கட தலையில வைங்க!" என்று கத்தினாள் அஸீஸா. "இனி இந்தக் கல்முனையில ஒரு புடவைக்கடைப் படி ஏறினா நான் அஸீஸா இல்ல!"

ஏழு பெண்களும் அதைக் கேட்டார்கள். அன்று அஸர் தொழுகைக்கு முன் ஊரே கேட்டது.

*

மகள் சித்தி லைலா பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிப்பவள். கதையைக் கேட்டதும் மடிக்கணினியைத் திறந்தாள்.

"கடைக்குப் போகாட்டி என்ன உம்மா? கொழும்பில ஒரு கடை இன்டர்நெட்டில விக்குது. சண்டை முடிஞ்சு பாதையெல்லாம் திறந்தாச்சு. ரெண்டு நாள்ல சாமான் ஊட்டு வாசலுக்கு வரும். வந்த பொறகு சல்லி குடுத்தாச் சரி."

திரையில் சாறிகள் ஓடின. முப்பதாவதோ நாற்பதாவதோ படத்தில் அஸீஸா கூவினாள்.

"நிப்பாட்டு! இதுதான்! அதே அரக்கு, அதே கரை! அந்த மனிசன் பூட்டி வச்சா, எனக்குக் கிடைக்காம விட்டுடுமா?" திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கூடைப் படம் என்னத்துக்கு?"

"எடுக்கிறதயெல்லாம் அதுக்குள்ள போடணும்."

"பொட்டணம் மாதிரி?"

"ஓம், அது மாதிரித்தான்," என்றாள் லைலா யோசிக்காமல். மஃரிப் பாங்கு சொன்னது. எழுந்து தொழப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது உம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஓம் புள்ள, பத்தும்தான். பத்தயும் அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றன்."

"உம்மா! யாரோட கதைக்கிறீங்க?"

"கொழும்புக் கடைப் புள்ள. பத்துச் சாறியயும் கூடைக்குள்ள போட்டு, அது கேட்ட இடத்துல அடையாள அட்டைய வச்சு விலாசமும் இலக்கமும் அடிச்சன். பத்தும் நிச்சயமா வேணுமா எண்டு எடுத்துக் கேட்டாள். நல்ல மரியாதையான புள்ள. ஹமீட் மாதிரி இல்ல."

"பத்தா?" லைலா கட்டிலில் இருந்துவிட்டாள். "உம்மா, இது பார்வைக்கு அனுப்புற கடை இல்ல. கேட்டா வித்த மாதிரி."

"பார்க்காம யாரு சாறி வாங்குவா? அவங்களுக்கு அறிவில்லையா?"

லைலா அந்த இலக்கத்துக்கு ஏழு தடவை எடுத்தாள். ஏழு தடவையும் பாட்டுத்தான் கேட்டது.

*

சனிக்கிழமை பகல் மோட்டார் சைக்கிளில் பொதியோடு வந்தார் கந்தப்போடி. காரைதீவுக்காரர். வயல் வேலை இல்லாத நாட்களில் பொதி கொண்டு திரிபவர். வரும்போதே சூடாக வந்தார்.

"தங்கச்சி, நீங்க குடுத்த விலாசத்துக்குப் போனன். கடற்கரையில ஒரு கிணறு மட்டும்தான் கிடக்கு. பொதியக் கிணத்துக்குள்ள போடச் சொல்றீங்களா?"

"அடையாள அட்டையில அந்த விலாசம்தானே இரிக்கி. ஊட்டக் கடல் கொண்டு போனதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள் அஸீஸா. "சரி அண்ணே, அதில வச்சிட்டுப் போங்க. புதன்கிழமை வாங்க, ஒண்ட எடுத்துட்டு ஒம்பது தாறன்."

கந்தப்போடி பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"முழுக் காசும் தந்தாத்தான் பொதி."

"பார்க்காமலா?"

"பார்க்காமத்தான்."

"ஒரு மீன் வாங்கினாலும் செவுளத் தூக்கிப் பார்க்கிறம். உங்கட சந்தையில பார்க்காம மாடு புடிப்பீங்களா?"

"நான் சந்தைக்காரன் இல்ல தங்கச்சி, பொதிக்காரன். வேணாமெண்டா வேணாமெண்டு எழுதித் தாங்க. ஒரு சாறியுமில்ல, அப்பிடியே கொண்டு போறன்."

"அரக்கயுமா?"

"எந்த அரக்கு? எனக்குப் பெட்டிதான் தெரியும்!"

வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. ஹமீடின் கடையில் நின்ற ஏழு பேரில் மூன்று பேர் இதே ஒழுங்கையில், இதே சந்தில் இருப்பவர்கள். அதில் ஒருத்தி, "கொழும்புச் சாறி எண்டாங்க, சல்லி இல்லையாக்கும்," என்று கொஞ்சம் உரத்தே சொன்னாள்.

அஸீஸா உள்ளே போனாள். வலீமா விருந்துக்கு மாடு பிடிக்க வைத்திருந்த பணத்தை அலுமாரியிலிருந்து எடுத்து வந்து, வேலிக்குத் தெரியும்படி கந்தப்போடியின் கையில் வைத்தாள்.

"உம்மா, மாடு?" என்றாள் லைலா.

"வாய மூடு!"

*

பொதியில் அரக்குச் சாறி அச்சொட்டாக இருந்தது. மற்ற ஒன்பதும் படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம். திருப்பியனுப்ப வழி கேட்டு லைலா எடுத்த எட்டாவது அழைப்பு கிடைத்தது. தபால் செலவு வாங்கியவருடையதாம், பணம் திரும்பி வர இருபத்தொரு நாளாம்.

"இருபத்தொரு நாளைக்குப் பொறகு எண்டா மாட்ட என்ர பேரன்ட சுன்னத்துக் கலியாணத்துக்குத்தான் அறுக்கணும்!" என்று கொதித்தாள் அஸீஸா.

அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாவைக் கூப்பிட்டு ஒன்பது சாறியையும் பொட்டணம் கட்டிக் கொடுத்தாள். ஹவ்வா உம்மா போகாத வீடு அந்த ஒழுங்கையில் இல்லை.

"ரெண்டு நாள்ல வித்துத் தாறன் மச்சி. இருந்து பாருங்க."

இரண்டு நாள் போனது. சாறியும் வரவில்லை, சல்லியும் வரவில்லை. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, அஸீஸா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாக இறங்கினாள்.

முதல் வீட்டில் அவளுடைய நீலச் சாறி யன்னலில் தொங்கியது.

"வெளிச்சத்துல நிறம் எப்பிடி எண்டு பார்க்கிறம் ராத்தா. இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும்."

இரண்டாவது வீட்டில் மஞ்சள் சாறியை உடனே கொடுத்துவிட்டார்கள். அதில் புரியாணி மணத்தது.

"கட்டினீங்களா?"

"சும்மா ஒரு தரம். மருதமுனையில ஒரு கலியாணம். ஆனா எனக்கு எடுப்பா இல்ல ராத்தா."

மூன்றாவது வீட்டுக்காரி சாறியை விரித்து, சுருட்டி, மறுபடி விரித்தாள். "ஹமீட் காக்காவா இருந்தா அறுவடை முடியச் சல்லி தாங்க எண்டு சொல்லுவாரு. நீங்க என்ன, நிண்ட நிலையில கேக்கிறீங்க?"

"புடிச்சா எடுங்க, புடிக்காட்டித் தாங்க! மனிசர வதைக்காதீங்க!" என்று அஸீஸா வாசலில் நின்றே கத்தினாள். "மூணு நாளா ஒரு சாறிய வச்சிக்கிட்டு என்ன பார்க்கிறீங்க? குர்ஆனா ஓதுறீங்க?"

"ஆரு கதைக்கிற?" என்றாள் அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து. "போன நோன்புக்கு ஹமீட் காக்காட பதினெட்டுச் சாறிய ஒரு மாசம் வச்சிருந்து, பதினெட்டயும் திருப்பி அனுப்பினது நானா, நீங்களா?"

அஸீஸா சாறியை வெடுக்கென்று பறித்துக்கொண்டாள். மிச்ச வீடுகளிலும் அப்படியே பறித்தெடுத்தாள். வீட்டுக்கு வந்து பொட்டணத்தை எண்ணினாள். ஒன்பதும் திரும்பி வந்திருந்தன. மாட்டுக்காரர் வாசலில் காத்திருந்தார். நாளை மறுநாளுக்குள் முற்பணம் இல்லையென்றால் மாட்டை வேறொரு கலியாணத்துக்குக் கொடுத்துவிடுவாராம்.

*

புதன்கிழமை காலை அப்துல் ஹமீடே வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தங்கச்சி, கேள்விப்பட்டன். ஒம்பதயும் நான் எடுக்கிறன். கொழும்பு விலைக்கே எடுக்கிறன்."

"புரியாணி மணக்குறதயுமா?" என்று கேட்டுவிட்டாள் லைலா.

"அதயும்தான் மகள்."

அஸீஸா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அதற்குள் ஹமீட் தொண்டையைச் செருமினார்.

"ஒண்டே ஒண்டு. அந்த அரக்கயும் தாங்க. அதுக்குப் பதிலா என்ர கடையில எதயும் எடுங்க. எவ்வளவு விலையெண்டாலும் பரவால்ல, சும்மா எடுங்க."

"ஓஹோ!" அஸீஸாவுக்குத் திரும்பவும் உயிர் வந்தது. "இதுக்குத்தான் வந்தீங்களா?"

"நான் சொல்றதக் கேளுங்க தங்கச்சி."

"காரணம் சொல்லுங்க, கேக்கிறன்."

ஹமீட் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "அத என்னால சொல்ல ஏலா. எங்கட தொழில்ல சில கதைகள் வெளியில கதைக்கக் கூடாது."

"நான் சொல்றன்! உங்கட கடையில வாங்காத சாறிய ஒரு மணப்பொண்ணு கட்டினா, நாளைக்கு ஊர் முழுக்கக் கொழும்புக்குச் சொல்லி எடுக்கும். அதுதானே உங்கட பயம்? கடையிலயும் தரமாட்டீங்க, வெளியில வாங்கினாலும் விடமாட்டீங்க! ஒம்பதயும் தூக்குங்க. அரக்குல கை வச்சீங்கெண்டா கைய முறிப்பன்!"

ஹமீட் பணத்தை மேசையில் வைத்தார். ஒன்பது சாறியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். படலையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அல்லாஹ் காவல்," என்றுவிட்டு நடந்தார்.

*

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு வேன் பிடித்து இருபத்திரண்டு பெண்கள் கல்முனைக்குடிக்குப் போனார்கள். வேன் ஹமீடின் கடையைத் தாண்டும்போது அஸீஸா, கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னாள். கண்ணாடியை இறக்கி, சாறி வைத்த தட்டத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்தாள். ஹமீட் கண்டார். கண்டதும் உள்ளே போய்விட்டார்.

"பார்த்தியா? முகத்தக் காட்ட ஏலல்ல!" என்றாள் மகளிடம்.

பெண் வீட்டில் சர்பத் கொடுத்தார்கள். பெண்ணின் உம்மா ஓடி ஓடி உபசரித்தாள். உள்ளறைக் கதவிடுக்கில் மணப்பெண்ணின் ஒற்றைக் கண் தெரிந்தது. பாயில் நடுவில் தட்டத்தை வைத்து, அதன் மேல் மூடியிருந்த பட்டுத் துணியில் கைவைத்தபடி அஸீஸா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"இது கடையேறி வாங்கினதில்ல. ஒரு கடைக்காரன் இதத் தரமாட்டன் எண்டான். மருமகளுக்கு இதத்தான் குடுக்கிறது எண்டு நானும் புடிச்ச புடியில நிண்டு, கொழும்பிலயிருந்து எடுப்பிச்சன். மாடு போனாலும் போகட்டும் எண்டு எடுப்பிச்சன்!"

துணியை நீக்கினாள். அரக்குச் சாறி விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

ஒருவரும் மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. பெண்ணின் உம்மா சர்பத் குவளையோடு நின்ற இடத்திலேயே நின்றாள். கதவிடுக்கில் தெரிந்த கண் சாறியைப் பார்த்தது. அடுத்த கணம் கதவு படாரென்று சாத்தப்பட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

பாயின் கோடியில் இருந்த பெண்ணின் சாச்சிதான் முதலில் வாய் திறந்தாள்:

"இதக் கட்டச் சொன்னாக் கலியாணமே வேணாமெண்டு சொல்லி, ஹமீட் காக்கா அனுப்பின பொட்டணத்துலயிருந்து நம்மட புள்ள தூக்கி எறிஞ்ச சாறிதானே இது!"